கேட்ட படமும் கிடைத்த படமும்

புல்வெளியிலே கருகிக் கிடக்கிறது ஓர் உலோகத் துண்டு. பைன் மரக்காட்டிலே சிதறிக் கிடக்கின்றன உடைந்த ஓடுகள். 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து வானிலே நொறுங்கிய கொலம்பியா விண்ணோடத்தின் எச்சங்கள் அவை. தரையிறங்க இன்னும் 16 நிமிடங்களே இருந்தன. எழுவர் மாண்டனர். கர்னால் நகரிலே பிறந்த கல்பனா சாவ்லாவும் அவர்களிலே ஒருவர்.

படங்களைக் கண்டது உலகம், காரணம் கேட்டது. ஜனவரி 16-ஆம் நாள் கலம் கிளம்பிய 82-ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத்துண்டு பெயர்ந்து இடது இறக்கையிலே மோதியதே, அதுவா வினை? "நுரையாவது, இறக்கையை உடைப்பதாவது!" என்ற பேச்சும் எழுந்தது. திட்டத்தின் மேலாளரே, விபத்து நடந்த நான்காம் நாள், நுரைதான் காரணம் என்பது பொருந்தவில்லை என்ற கருத்தை வெளியிட்டார். இறங்கி வந்த கலத்தை நியூ மெக்சிகோ விமானப்படைத் தளத்திலிருந்து எடுத்த மங்கலான படம் ஒன்று வந்தது. இடது இறக்கையின் விளிம்பு சிதைந்திருக்கிறது என்றனர் சிலர். அப்படித் திட்டமாகச் சொல்ல முடியாது என்றனர் சிலர்.

வாதத்தைத் தீர்த்து வைத்தது யார்? குனிந்து பொறுக்கிய கைகள்! காட்டுத் தீயணைக்கும் தொழிலாளர், காவலர், ஊர் மக்கள் என 25,000-க்கு மேற்பட்டோர் தேடினர். தேடும் பணியிலே ஹெலிகாப்டர் விழுந்து இருவர் உயிரும் போயிற்று. கிடைத்தவை ஏறத்தாழ 84,000 துண்டுகள். கலத்தின் எடையிலே 38 விழுக்காடு. ஃப்ளோரிடாவிலே ஒரு பெரிய கொட்டகைத் தரையில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, எந்தத் துண்டு எந்த உறுப்போ, அந்த இடத்திலே அதை வைத்தனர்.

தனியே கிடந்தபோது ஊமையாக இருந்த துண்டுகள், வரிசையிலே வைத்ததும் வாய் திறந்தன! இறக்கையின் முன்விளிம்பிலே 22 கரித்தகடுகள். இடப்புறத்து எட்டாம் தகட்டை ஒட்டிய துண்டுகள் கத்தி முனைபோல் தேய்ந்திருந்தன. உள்ளே இருந்த உலோகம் உருகித் தெறித்துப் படிந்திருந்தது. எது முதலிலே உருகிற்று, எது பிறகு படிந்தது என்று அடுக்கடுக்காக ஆய்ந்தனர். எட்டாம் தகட்டிலே ஓட்டை, அதன் வழியே அனல் புகுந்தது என்று தெரிந்தது. ஹெம்ஃபில் ஊருக்கு அருகே கிடைத்த பதிவுக்கருவியும் அதையே சொல்லிற்று. ஜூலை 7-ஆம் நாள், சான் அன்டோனியோ சோதனைக்கூடத்திலே, முக்கால் கிலோ எடையுள்ள நுரைத்துண்டைத் தகட்டின்மீது பாய்ச்சினர். 16 அங்குல ஓட்டை விழுந்தது! நுரை என்று நகைத்தவர் நாவடங்கினர்.

ஆனால் தோழர்களே, நான் பேச வந்தது கிடைத்த படங்களைப் பற்றியல்ல. கிடைக்காமற்போன படத்தைப் பற்றி!

கலம் விண்ணிலே சுற்றிய 16 நாட்களிலே பொறியாளர்கள் கவலைப்பட்டனர். "இராணுவத்தின் கருவிகள் இருக்கின்றனவே, அவற்றைக் கொண்டு இறக்கையை ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள்" என்றனர். ஒருமுறையல்ல, மூன்று முறை கேட்கப்பட்டது. மேலே இருந்தோர் இசையவில்லை. நுரை முன்பும் விழுந்திருக்கிறது, கலங்கள் பத்திரமாகத் திரும்பியிருக்கின்றன, தரையிறங்கிய பிறகு செப்பனிட வேண்டிய சங்கதி இது என்று இருந்துவிட்டனர். நேற்று தப்பியதையே இன்றைய பாதுகாப்புக்குச் சான்றாக்கிவிட்டனர்! கொதிகலன் அறையிலே நிற்கும் தோழனுக்கு இந்த நியாயம் புதிதா? "இத்தனை நாள் வெடிக்கவில்லையே" என்ற பதிலை அவன் கேட்டதில்லையா?

"படம் எடுத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? விண்ணிலே போய் ஒட்டுப்போட முடியுமா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். விசாரணைக் குழுவும் அதை ஆராய்ந்தது. அட்லாண்டிஸ் என்ற மற்றொரு விண்ணோடம் பயணத்துக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தது. கொலம்பியாவிலே சிக்கனமாக இருந்தால் பிப்ரவரி நடுப்பகுதிவரை மூச்சுக்கு வழியிருந்தது. வேலையை விரைவுபடுத்தி அட்லாண்டிசை அதற்குள் அனுப்புவது மிகக் கடினம், ஆபத்தும் உண்டு. எனினும் முடியாததல்ல என்றது குழு. கட்டாயம் பிழைத்திருப்பார்கள் என்று நானும் சொல்லவில்லை. முயன்று தோற்பது வேறு. முயலவேண்டிய நிலை வந்திருக்கிறதா என்று பார்க்கவே மறுப்பது வேறு!

1986-இலே சேலஞ்சர் வெடித்து எழுவர் மடிந்தபோதும் இதே கதைதான். குளிரிலே ரப்பர் வளையம் இறுகும், இன்று ஏவாதீர் என்றனர் பொறியாளர். கேட்டார்களா? பதினேழு ஆண்டு கழித்து மறுபடியும் எழுவர்! அதனால்தான் 2003 ஆகஸ்ட்டிலே வந்த அறிக்கை, நுரைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு நிறுவனத்தின் போக்குக்கும் உண்டு என்று எழுதிற்று. தகட்டிலே மட்டுமல்ல ஓட்டை; கீழிருந்து மேலே சொல் போகும் பாதையிலும் ஓட்டை!

விதி என்று சொல்லி விபூதி பூசிவிடலாமா? விதியல்ல, தோழர்களே! கேட்ட கேள்விக்குப் பதில் மறுத்த கதை.

கண்கெட்ட பின்னே சூரிய நமஸ்காரம் என்பார்கள். சிதைந்த பிறகு எடுத்த படங்கள் எத்தனையோ! சிதையுமுன் எடுத்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஆலையிலோ, பாலத்திலோ, சுரங்கத்திலோ, "இங்கே ஒரு விரிசல் தெரிகிறது, வந்து பாருங்கள்" என்று உழைப்பவன் சொல்லும்போது, உடனே போய்ப் பார்ப்பவனே பொறுப்பாளன். பார்க்க மறுப்பவனுக்குப் பதவி இருக்கலாம், பொறுப்பு இல்லை!