குடும்பமே மருந்தாமே!

கிளியனூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் பட்டிமன்றத்தின் தலைப்பு மாமியாரைப் பற்றியதாயினும் மண்ணாங்கட்டியைப் பற்றியதாயினும், “மேனாட்டான் சித்தம் கலங்கியவரை ஆஸ்பத்திரியில் தள்ளிக் கதவைச் சாத்துகிறான், நமக்கோ குடும்பமே மருந்து” என்று ஒரு பிரசங்கி முழங்குவதும், கூட்டம் கைதட்டி ஆர்ப்பரிப்பதும் பல வருஷங்களாக நடந்துவரும் சம்பிரதாயம். அந்த மருந்தைத் தினந்தோறும் அரைத்துக் கொடுப்பவர் யார் என்று எந்த மேடையிலும் ஒருவரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

இவர்களில் சற்றுப் படித்தவர்கள் உலக சுகாதார நிறுவனத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1960-களின் பிற்பகுதியில் அந்நிறுவனம் ஆக்ரா, இபதான், லண்டன், மாஸ்கோ முதலிய ஒன்பது நகரங்களில் மனச்சிதைவு நோயாளிகளை ஆராயத் தொடங்கியதும், ஆக்ராவினரும் இபதானினரும் மேனாட்டாரைக் காட்டிலும் பல விஷயங்களில் நன்றாகத் தேறியிருந்ததும் வாஸ்தவமே. ஆனால் அந்த ஆக்ரா நோயாளிகள் ஆராய்ச்சியாளரின் கண்ணில் பட்டதே அவர்கள் வைத்தியம் தேடி வந்ததனால்தான் என்பதையும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் உறவினரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை செய்துவருகையில் அந்த உறவினருக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரும் இருக்கிறார் என்பதையும் பிரசங்கி சொல்லமாட்டார். சொன்னால் கைதட்டல் பாதியாகிவிடும்.

இனி, அவர் போற்றும் அந்தக் கிருகத்துக்குள் நுழைந்து பார்ப்போம். மரக்காணத்து உப்பளத்தில் கூலிக்குப் போகும் தகப்பன், வெயில் ஏறுமுன் பாத்தியில் உப்பு வாரி முடிக்கவேண்டுமென்று விடியுமுன்பே புறப்பட்டுவிட, சோற்றில் யாரோ விஷம் வைத்துவிட்டதாக நம்பித் தட்டைத் தள்ளுவதும் காணாத குரலுக்குப் பதில் சொல்வதுமாக இருக்கும் தாயின் அருகில் மிஞ்சுவது யார்? மாமனா, சித்தப்பனா, அத்தையா? அவர்கள் வருவதெல்லாம் பூசாரியின் முகவரி சொல்லத்தான். மிஞ்சுவது ஏழாம் வகுப்புப் படிக்கும் மூத்த பெண். அடுப்பு மூட்டிக் கஞ்சி வைப்பவளும், தம்பிக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புபவளும், மாத்திரையைக் கெஞ்சியோ ஏமாற்றியோ விழுங்கவைப்பவளும், இரவில் தாய் எழுந்து ரஸ்தாவுக்குப் போய்விடாமல் அவள் முந்தானையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு தூங்குபவளும், “ஏம்மா நேத்து வரலை?” என்று வாத்தியார் கேட்டால் “அம்மாவுக்கு ஜுரம் சார்” என்று பொய் சொல்லப் பழகியவளும் அவளே. உப்பு விளைச்சல் மும்முரப்படும் மாசி பங்குனியும் பள்ளிக்கூடத்துப் பரீட்சையும் ஒன்றாகவே வந்து சேர்வதால், தகப்பன் வீட்டிலிருக்க முடியாத அந்த மாதங்களில்தான் அவள் புத்தகத்தைத் தொட முடியாமல் போகிறாள். தோழியரை வீட்டுக்கு அழைக்க அவளுக்குத் தைரியமில்லை. தாயின் கோபத்துக்குத் தன்னுடைய ஏதோ ஒரு குற்றமே காரணமென்று அவள் உள்ளூர நம்புகிறாள், ஏனென்றால் அது வியாதி என்று அவளுக்கு எடுத்துச் சொன்னவர் எவருமில்லை. பிரசங்கியின் குடும்பம் என்பது இந்த ஒரு குழந்தைதான். அதற்குத்தான் இத்தனை கைதட்டல்.

கூச்சலிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கும் தாயின் வீட்டிலோ நிலைமை இன்னும் மோசம். அங்கே ஊர் அதைச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறது.

“தாய்க்கு வந்தது பிள்ளைக்கும் வரும்” என்று அதே மேடையில் பயமுறுத்துவோருக்கு ஒரு வரி போதும்: பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால், பிள்ளைகளில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கே அந்நோய் வருகிறது.

குடும்பம் கைவிடாது என்பார்கள். ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அத்தகைய இடங்களில் நோயாளிகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தார்தானே, மேனாட்டானா? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று தடை செய்தது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்றும் விதித்தது. மேடைகளைக் காட்டிலும் சட்டத்துக்குக் கருணை அதிகமாக இருப்பது விசித்திரமே.

பிரசங்கிகளிடம் பேசிப் பயனில்லை. ஆகையால் இவ்வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்களையே வேண்டிக்கொள்கிறேன். அடிக்கடி தாமதமாக வரும் பெண்ணைப் பெஞ்சின்மேல் ஏற்றுவதற்கு முன், அவள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தனியே விசாரியுங்கள். தகப்பனைக் கூப்பிட்டு, இது வியாதி, வைத்தியம் உண்டு என்று சொல்லுங்கள். திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் சாலையில்தான் கோரிமேடு இருக்கிறது. அங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மனநோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு.