உலையைக் கேட்டவனுக்கு ஊர்விலக்கு!

"மின்சாரம் வேண்டுமா, வேண்டாமா?"

அணு உலையைப் பற்றி வாய் திறக்கும் எவரும் இந்நாட்டில் முதன்முதலாகச் சந்திக்கும் கேள்வி இது. கேள்வி என்று சொல்வதே பிழை; கழுத்தில் மாட்டும் சுருக்கு. வேண்டும் என்றால், "பின் ஏனய்யா எதிர்க்கிறாய்?" என்பர். வேண்டாம் என்றால், "மரவுரி தரித்துக் காட்டுக்குப் போ!" என்பர். எவருடைய கரையில், எவருடைய உயிரைப் பணயம் வைத்து, எவரைக் கேட்டு இந்த மின்சாரம் என்று சற்று நீட்டிக் கேட்டாலோ விடை வருவதில்லை, வசை வருகிறது. அந்நியன் காசு தின்றவன்! பாதிரியின் ஏவலாள்! வளர்ச்சியின் எதிரி! நாட்டுத் துரோகி!

துரோகி! எத்துணை மலிவாகிவிட்டது இச்சொல்! கோயில் தெருவில் நடக்க வேண்டும் என்றவன் மதத் துரோகி. கைம்பெண்ணுக்கு மணம் என்றவன் குலத் துரோகி. இந்தி வேண்டா என்றவன் தேசத் துரோகி. இப்பட்டங்களையெல்லாம் மாலையெனச் சூடிக்கொண்ட இயக்கத்தின் ஏட்டில் எழுதுகிறோம். ஆகவே பட்டத்துக்கு அஞ்சவில்லை. பகுத்தறிவு பேசும் நம் தோழர்களிற் சிலரே அப்பட்டங்களை எடுத்து வீசும் கூட்டத்தோடு போய் நிற்கிறார்களே, அதுதான் நெஞ்சைச் சுடுகிறது. அவர்களோடு வழக்காடவே இக்கட்டுரை.

நாம் கூடங்குளத்துக்கு 400 கிலோமீட்டருக்கும் அப்பால், சேர்வராயன் மலைமீது வாழ்கிறவர்கள். ஏற்காட்டில் ஆசிரியர், காப்பித் தோட்டத் தொழிலாளர், வண்டி ஓட்டுநர் என ஏழு பேர் கூடிப் படிப்பதும், படித்ததைப் பேசுவதும் வழக்கம். சென்ற ஆகஸ்டு 6, ஹிரோஷிமா நாளில், அணு உலை பற்றி ஒரு கூட்டம் நடத்த எண்ணினோம். இடம் தருகிறேன் என்றவர் முதல்நாள் மாலை வந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒட்டிய சுவரொட்டிகள் விடியுமுன் கிழிந்தன. "வாத்தியார் வேலையை மட்டும் பாருங்கள், தம்பி" என்று ஒரு பெரியவர் அறிவுரை வழங்கினார். இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தேநீர்க் கடையில் ஆராய்ச்சி நடந்தது. (300 துண்டறிக்கைக்கு ஆன செலவை ஏழு பேரும் பங்கிட்டுக்கொண்டோம். எந்த வல்லரசும் மீதியைக் கொடுக்க முன்வரவில்லை!) கூட்டம் ஏரிக்கரையில் நின்றபடியே நடந்தது. வந்தவர் 11 பேர்.

இதைச் சொல்லிக் கண்ணீர் வடிக்க நாம் வரவில்லை. நாம் பட்டது தூசு. இடிந்தகரை பட்டதை எண்ணிப் பாருங்கள்.

1988 நவம்பர் 20-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது கூடங்குளம் திட்டம். செர்னோபில் உலை 1986 ஏப்ரல் 26-இல் வெடித்து இரண்டரை ஆண்டுதான் ஆகியிருந்தது. கரையோர மக்கள் அன்றே கேட்டனர். 1989 மே 1-இல் கன்னியாகுமரியில் மீனவர் திரண்ட பேரணியின்மீது காவல்துறை சுட்டது. பின்னர் சோவியத்து நாடே சிதறிற்று. கிடப்பில் கிடந்த திட்டம் 2002-இல் கட்டுமானமாக எழுந்தது. 2011 மார்ச் 11-இல் புகுஷிமா. உலைகள் உருகுவதை உலகமே தொலைக்காட்சியில் கண்டது; இடிந்தகரையும் கண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 11-இல் அவ்வூரில் 127 பேர் உண்ணாநோன்பு தொடங்கினர். செப்டம்பர் 22-இல் தமிழக அமைச்சரவை, மக்களின் அச்சம் நீங்கும்வரை பணியை நிறுத்துக என்று தீர்மானம் இயற்றியது. மக்கள் வென்றனர் என்று மகிழ்ந்தோருக்கு மகிழ்ச்சி ஆறு மாதம்தான் நிலைத்தது. 2012 மார்ச் 18 சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல். விரலில் வைத்த மை காயுமுன், மார்ச் 19-இல், உலைக்கு இசைவு! எதிர்வரிசையிலிருந்த தி.மு.க.வும் உலையின் பக்கமே நின்றது. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்து உண்மையைக் கூட்டிக் குறைத்து எழுதும் வழக்கம் நமக்கில்லை.

அந்த மார்ச்சில் நடந்ததற்கு அரசாங்கம் வைத்த பெயர் 144 தடையுத்தரவு. நம் கிராமங்களில் அதற்கு வேறு பெயர் உண்டு: ஊர்விலக்கு. சாதிக் கட்டுப்பாட்டை மீறினவன் வீட்டுக்கு நெருப்பும் நீரும் கொடாதே, அவனுக்கு உப்பும் புளியும் விற்காதே, அவன் வீட்டுச் சாவுக்கும் போகாதே என்று ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்வார்களே, அதே தீர்ப்பு. இடிந்தகரைக்குச் செல்லும் வழிகள் அடைபட்டன. பேருந்து நின்றது. பாலும் குடிநீரும் காய்கறியும் தடைபட்டன. பஞ்சாயத்தார் வாய்மொழியாகச் செய்வதை அரசாங்கம் முத்திரையிட்டுச் செய்தது; வேற்றுமை அவ்வளவே.

அடுத்து வந்தன வழக்குகள். பீடி சுற்றும் பெண்களும் வலை பின்னும் முதியவர்களும் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோர்மீது தேசத் துரோகக் குற்றம்! நாட்டின்மீது போர் தொடுத்தார்களாம்! பீடி இலையை வெட்டும் கத்தரிக்கோல்தான் படைக்கலம் போலும்! 2012 செப்டம்பர் 10-இல் கடற்கரை வழியே உலையை நோக்கி நடந்த மக்கள்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. தடியடிக்குத் தப்பக் குழந்தைகளோடு கடலுக்குள் இறங்கினர். அன்றே தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் ஒரு மீனவர் காவல்துறையின் குண்டுக்குப் பலியானார். 2013 மே 6-இல் உச்ச நீதிமன்றம் உலை இயங்கலாம் என்று தீர்ப்பளித்தது; அதே தீர்ப்பில், மக்கள்மீதுள்ள குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயலவேண்டும் என்றும் பணித்தது. முதற்பாதியை நிறைவேற்ற ஒரு நாளும் தாழ்த்தவில்லை. மறுபாதிக்கோ, வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று 2021-இல் மாநில அரசு அறிவிக்கும்வரை எட்டாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் வாய்தாவுக்கு நடந்து தேய்ந்த கால்கள் எத்தனை!

அரசாங்கத்தின் பகை ஒருபுறம். ஊராரின் பகை இன்னும் கொடிது. உள்நாட்டுச் சிற்றூர்களுக்கும் கடற்கரைச் சிற்றூர்களுக்கும் இடையே சாதியை நட்டு, மதத்தை உரமிட்டு, பிளவை வளர்த்தார்கள். 2012 சனவரி 31-இல் ஒன்றிய அரசின் வல்லுநர் குழுவோடு பேச நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்ற போராட்டக் குழுவினர் அந்த வளாகத்திலேயே தாக்கப்பட்டனர். தாக்கியோர் இந்து முன்னணியினர் என ஏடுகள் எழுதின. அணுவைக் காக்க மதவாதிகள் மெய்க்காப்பாளராக வந்தது எவ்வளவு பொருத்தம்! மார்ச்சில், போராட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமாரின் துணைவியார் நாகர்கோவிலில் நடத்திவந்த பள்ளி சூறையாடப்பட்டது. அதன் நூலகம் சிதைக்கப்பட்டது. ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு இச்செய்தியைக் கடந்து செல்ல இயலவில்லை. ஒருவருடைய வாதத்தை மறுக்க இயலாதவன் அவர் துணைவியாரின் பள்ளியில் குழந்தைகள் படிக்கும் புத்தகத்தின்மீது கை வைக்கிறான்!

இனி, வசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

அந்நியப் பணம் என்றார்கள். 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங்கே ஓர் அறிவியல் இதழின் பேட்டியில் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களைக் கைகாட்டினார். உலை ரஷ்யாவினது. எரிபொருள் ரஷ்யாவினது. கட்டக் கொடுத்த கடனும் ரஷ்யாவினது. இத்தனை அந்நியத்தையும் கைகூப்பி வரவேற்றவர் தேசபக்தர். அதை ஏன் என்று கேட்ட தமிழ் மீனவர் மட்டும் அந்நியர்!

மாதா கோயில் வாசலில் பந்தல் போட்டார்களே, பாதிரிகள் உடனிருந்தார்களே, இதைப் பகுத்தறிவாளர் ஆதரிக்கலாமா என்று நம் தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1924-இல் பெரியார் வைக்கம் சென்றாரே, எதற்காக? கோயிலைச் சுற்றிய தெருவில் மனிதன் நடக்கும் உரிமைக்காக. உள்ளேயிருந்த சாமிக்கு அவர் சான்றிதழ் கொடுத்தா போராடினார்? உரிமையைப் பறிகொடுத்தவன் கழுத்தில் சிலுவை தொங்குகிறதா, உருத்திராட்சம் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை கொடுப்போம் என்றால் அதற்குப் பகுத்தறிவு என்று பெயரில்லை. இடிந்தகரையில் ஊர் கூடுமிடம் அந்த ஆலய வாசல், கூடினார்கள். அங்கே எழுந்த கேள்விகளோ, குளிர்விக்க எடுக்கும் கடல்நீர் சூடாகித் திரும்பினால் மீன் என்னாகும், எரிந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள், விபத்து நேர்ந்தால் எந்தச் சாலையில் ஓடுவது என்பன. இவற்றில் எந்த வரியில் மதம் இருக்கிறது?

பிறகு வருகிறது பெரிய அம்பு. "அப்துல் கலாமே பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டார்; அவரைவிட நீ மேதையோ?" 2011 நவம்பர் 6-இல் கலாம் அவர்கள் கூடங்குளம் சென்று உலையைப் பார்வையிட்டதும், முற்றிலும் பாதுகாப்பானது என்று கூறியதும் உண்மை. அவர்பால் நமக்கும் மதிப்புண்டு. நம் வகுப்பறைச் சுவரிலும் அவர் படம் தொங்குகிறது. ஆயினும் பெரியவர் சொன்னார், ஆகவே வாயை மூடு என்பது எந்த ஊர் அறிவியல்? இது நம் பாட்டன் காலத்து வைதீகத்தின் வாசகமல்லவா? ஒரு வல்லுநர் சொல்வதே போதுமென்றால், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவராக 1993 முதல் 1996 வரை இருந்த அ. கோபாலகிருஷ்ணன் கூடங்குளத்து உறுப்புகளின் தரம்பற்றி வெளிப்படையாக ஐயம் எழுப்பினாரே, அவர் வல்லுநரில்லையா? அந்த வாரியம், தான் கண்காணிக்க வேண்டியவர்களின் நிழலிலேயே இருக்கிறது, அதற்குத் தன்னுரிமை போதாது என்று 2012-இல் நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் எழுதினாரே, அவர் எந்தப் பாதிரியிடம் காசு வாங்கினார்?

வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது தர்ம சாத்திரம். கூடங்குளத்தில் நடந்ததைக் கேளுங்கள். உலையின் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையைக் காட்டுங்கள் என்று தகவல் உரிமைச் சட்டப்படி உதயகுமார் கேட்டார். கொடு என்று 2012 ஏப்ரல் 30-இல் மைய தகவல் ஆணையம் ஆணையிட்டது. அணுமின் கழகம் கொடுத்ததா? நீதிமன்றப் படியேறிற்று! பாதுகாப்பானது என்று நம்பவேண்டும். ஏன் பாதுகாப்பானது என்று எழுதிய ஏட்டை மட்டும் பார்க்கக்கூடாது. மந்திரம் இருக்கிறது, பலிக்கும், பொருள் கேளாதே! 2019 அக்டோபர் 29-இல், உலையின் கணினிகளுக்குள் தீநிரல் புகுந்ததா என்ற கேள்விக்கு, அது நடக்கவே இயலாது என்று கூடங்குளத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே, நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் புகுந்தது உண்மைதான், உலையை இயக்கும் அமைப்புக்குத் தொடர்பில்லை என்று தலைமையகம் ஒப்புக்கொண்டது. தொடர்பில்லாமலே இருக்கட்டும், மகிழ்ச்சி. முதல்நாள் சொன்ன 'இயலாது' என்ற சொல் எங்கே போயிற்று? நாம் கேட்பது இத்தகைய கேள்விகளைத்தான். இவற்றைக் கேட்பதுதான் அறிவியல் என்று பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம்.

மின்வெட்டைக் காட்டி மக்களை ஏவிவிட்ட கதை தனிக்கதை. 2012-இல் சென்னைக்கு 2 மணி நேர இருட்டு. சேலம், கோவை, மதுரைப் பக்கமெல்லாம் 12 மணி நேரத்துக்கும் மேல். தறி நின்றது, மோட்டார் நின்றது, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை மெழுகுவத்தி தேடிற்று. சினம் எழாதா? அச்சினத்தைச் சென்னைமீது திருப்பவில்லை, மின்வாரியத்தின்மீது திருப்பவில்லை; இடிந்தகரைமீது திருப்பிவிட்டார்கள். அவர்கள் மட்டும் ஒதுங்கினால் நாளையே விளக்கெரியும் என்றார்கள். ஒன்றிய அமைச்சர் நாராயணசாமி "இன்னும் 15 நாளில்" என்று சொல்லிச் சொல்லி, அச்சொல்லே ஊர்ச் சிரிப்பாயிற்று. முதல் அலகு வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31-இல். வந்த மின்சாரமும் முழுவதும் நமக்கன்று. கர்நாடகம், கேரளம், புதுச்சேரிக்கும் பங்குண்டு. இதைச் சொல்லாமல் ஏழைக்கு ஏழையைப் பகையாக்கினார்கள்.

மலைமேல் இருக்கிற உமக்குக் கடற்கரை உலையைப்பற்றி என்ன கவலை என்று ஏற்காட்டிலேயே கேட்கின்றனர். மலையில் இருப்பதால்தான் கவலை! சேர்வராயன் மலையின் பாக்சைட்டு மண் கொல்லிமலை மண்ணோடு சேர்ந்து மேட்டூருக்கு இறங்கிற்று. 1965-இல் அங்கே அலுமினிய ஆலை உற்பத்தி தொடங்கியது. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 4 டன் பாக்சைட்டு. அதை உருக்க 13,000 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம். மண் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மலையினுடையது, மின்சாரம் பொதுமக்களுடையது, இலாபம் வேறொருவருடையது. அன்றும் நாட்டு வளர்ச்சி என்றே சொன்னார்கள். 2008-இல் உருக்கும் பணி நின்றது. தோண்டிய இடம் மலையிலேயே இருக்கிறது. தோண்டியவர் கீழே இறங்கிவிட்டார். மண்ணில் போட்ட குழியையாவது மழையும் புல்லும் ஒரு தலைமுறையில் மூட முயலும். எரிந்த எரிபொருளில் இருக்கும் புளுட்டோனியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள்!

அந்தக் கழிவை வைக்க, உலைக்கு அப்பால் ஒரு கிடங்கை 5 ஆண்டில் அமைக்கவேண்டும் என்று 2013 தீர்ப்பு கூறியது. 2018-இல், முடியவில்லை என்று கூறி 2022 வரை தவணை பெற்றார்கள். இதற்கிடையே 2017-இல் 3, 4 அலகுகளுக்கும், 2021-இல் 5, 6 அலகுகளுக்கும் கட்டுமானம் தொடங்கிவிட்டது. கழிப்பறைக்கு இடம் பார்க்குமுன் மாடிமேல் மாடி!

தோழர்களே, இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். 2012 நவம்பரில், கூடங்குளத்துக் கழிவைக் கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கங்களில் வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தில் ஒரு சொல் உதிர்ந்தது. கோலாரில் கடையடைப்பு, மறியல். கட்சி வேறுபாடின்றிக் கன்னட நாடே கொதித்தது. சில நாட்களுக்குள் அப்படியொரு திட்டமே இல்லை என்று டில்லி பின்வாங்கியது. கோலார் மக்களுக்குப் பாலும் தண்ணீரும் நிறுத்தப்படவில்லை. ஆயிரக்கணக்கில் தேசத் துரோக வழக்குப் பாயவில்லை. உங்களுக்குப் பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பிரதமர் கேட்கவில்லை.