லினக்ஸ் போட்டாச்சு, இனி வைரஸ் பயமில்லையா?



2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. அதன் பிறகு நமதூரிலும் பழைய கணினிகளுக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்வதைக் காண்கிறோம். சந்தோசம்தான். கிராக் செய்த விண்டோஸை விட்டு, யாருடைய ஹக்கையும் எடுக்காமல் கணினி பாவிக்கலாம்.

ஆனால் கடையில் ஒரு வசனத்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறார்கள்: "லினக்ஸுக்கு வைரஸ் வராது." அதை நம்பியே காரியம் கெடுகிறது. பிள்ளைகள் கொண்டுவரும் மடிக்கணினிகளைப் பார்க்கிறோம். பாஸ்வேர்ட் கேட்காமலே திறக்கிறது. இருந்தால் அது 1234. டேட்டா போகும் என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திறந்த மூல மென்பொருளில் ஒரு ஓட்டை அடைக்கப்பட்டால், அது எங்கே இருந்தது என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும். நிரல் எல்லோர் கண்முன்னும் கிடக்கிறதே. அப்டேட் செய்தவர் தப்பினார். செய்யாதவருடைய வீட்டுக்கு வழி எழுதி ஒட்டிய மாதிரி. பிள்ளைகள் வீடியோ பார்த்து முடிக்கிற டேட்டாவுக்கு முன்னால் இந்த அப்டேட் ஒரு செலவே இல்லை. ஃபயர்பொக்ஸும் மின்ட்டில் அதே அப்டேட் மனேஜர் வழியாகத்தான் வருகிறது. வீட்டுக் கணினிக்கு ஆபத்து அதிகம் வரும் வாசலும் பிரவுசர்தான்.

எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். 2016 பெப்ரவரி 20ஆம் திகதி லினக்ஸ் மின்ட்டின் சொந்த இணையத்தளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த பிரதி ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்குள் இருந்த கெட்ட நிரலின் பெயர் சுனாமி. (நமக்கு அந்தப் பெயரே போதும்!) உத்தியோகபூர்வத் தளத்துக்கே அந்த நிலை என்றால், யாரோ பென்ட்ரைவில் தரும் பிரதியை என்ன நம்பிக்கையில் போடுவது? இறக்கிய கோப்பின் எஸ்.எச்.ஏ.256 குறியீடு சரியா என்று பார்க்க ஐந்து நிமிடமும் எடுக்காது.

ஃபயர்வோல் மின்ட்டோடு கூடவே வருகிறது, ஆனால் அணைந்த நிலையில். நாம்தான் போட வேண்டும். ஒரு சுவிட்ச்தான்.

அடுத்தது பேக்கப். 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசின் கிளவுட் மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அது லினக்ஸ் அல்ல, மைக்ரோசொஃப்டின் எக்ஸ்சேஞ்ச், அதுவும் காலாவதியான பதிப்பு. ஆனால் அந்தக் காலத்துக்கு வெளியே தனியாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை என்பதுதான் இழப்புக்குக் காரணம். 2004இல் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கடலோடு போன ஊர்க்காரர் நாம், இதை விளக்க வேண்டியதில்லை.

மின்ட்டில் உள்ள டைம்ஷிஃப்ட் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது காப்பது சிஸ்டத்தை மட்டும். நீங்களாகச் சொல்லாவிட்டால் பிள்ளையின் புரொஜெக்டையும் கலியாணப் படங்களையும் அது தொடாது. அவற்றுக்கு வேறொரு ஹார்ட் டிஸ்க் வேண்டும். பிரதி எடுத்ததும் அதைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால் கணினிக்கு வருவது அதற்கும் வரும்.