அத்தையோடு பார்த்த நாலு தோட்டப் படங்கள்

இந்த மாதம் புதுப் படம் எதையும் பார்க்கவில்லை. அதனால் புதுப் படத்துக்கு நட்சத்திரம் போடச் சொல்லும் வாசகர்கள் இந்த வாரம் என்னை மன்னிக்கவேண்டும். எங்கள் வீட்டில் நாலு வாரமாக ஓடியதெல்லாம் தோட்டப் படங்கள். என் மாமியார்தான் காரணம். அத்தை பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். (ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அத்தை வாயில் அந்தப் பெயர் இன்னும் நுழையவில்லை.) எழுபத்தாறு வயது. மெகா தொடர் மருமகள்கள் அழுவதைப் பார்த்துச் சலித்துப்போய், "நம்ம தோட்டத்த வெச்சு யாருமே படம் எடுக்கலையா?" என்று கேட்டார். எடுத்திருக்கிறார்கள். நாலைந்து கிடைத்தது.

முதலில் போட்டது பாலாவின் 'பரதேசி', 2013-இல் வந்தது. 1939-இல் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி ஆள் பிடித்துப் போகும் கதை. டாக்டர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்த நாவல்தான் மூலம். மலாயாக் கதை இல்லை என்றாலும், கங்காணி கிராமத்துக்கு வந்து ஆசை காட்டும் இடத்தில் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அப்பாவின் அப்பா அப்படி ஒரு கங்காணி பின்னால் கப்பல் ஏறியவர். படத்தின் காலத்துக்கு ஒரு வருஷம் முன்னால், 1938-இல், மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே வந்துவிட்ட குடும்பம் இவர்களுடையது.

அதர்வாவின் நடிப்பைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோணி மாதிரி உடைகளுக்குத் தேசிய விருது கிடைத்தது, அதுவும் நியாயம்தான். ஆனால் பாலாவுக்கு அளவு தெரியாது. அடி, மேலும் அடி, அதற்கு மேல் ஒரு அடி. மருத்துவர் பாத்திரத்தை மதம் மாற்ற வந்து குத்தாட்டம் போடும் கோமாளியாக ஆக்கியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாவலை எழுதிய டேனியலே தோட்டத்தில் மருத்துவராக இருந்து, அந்த மக்களுக்காகத் தொழிற்சங்கம் நடத்தியவர். அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரைக் கேலி செய்வது என்ன நன்றி? அத்தையின் தீர்ப்பு வேறு: "இவ்வளவு அழுதா மறுநாள் பெரட்டுக்கு யாரு போறது?"

பெரட்டு என்பது என்னவென்று தெரியாத இளைய வாசகர்களுக்கு: விடியுமுன் எல்லாரும் வரிசையாக நிற்க, கிராணி பேர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பது. ஆங்கில 'பரேட்'தான் நம் வாயில் பெரட்டு ஆனது.

அடுத்த வாரம் 'கபாலி'. இதைப் பற்றி எல்லாரும் எல்லாமும் சொல்லி முடித்தாயிற்று. 2016-இல் வந்தபோது விடுப்பு எடுத்துப் போய்ப் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களிலேயே பலர் இருப்பீர்கள். வீட்டில் உட்கார்ந்து ஆரவாரம் இல்லாமல் பார்த்தால் வேறு படமாகத் தெரிகிறது. ரஜினி கோட்டு போட்டதும், வில்லன் கட்டடமும், சுடுவதும் அத்தைக்குத் தூக்கம் வரவழைத்தன. அவரை எழுப்பியது பின்கதைதான். தோட்டத்தில் சீனத் தொழிலாளிக்கு ஒரு சம்பளம், தமிழனுக்கு ஒரு சம்பளமா என்று இளம் கபாலி கேட்கும் பகுதி.

இது பா. ரஞ்சித் கற்பனையில் உதித்த கேள்வி அல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் இதே கோரிக்கை இருந்தது. துரை எதிரே வந்தால் தமிழன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். முன்னின்ற ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன் என்று ஒருவன் நிற்பதை மட்டும் வைத்தே இரண்டு மணி நேரம் படம் எடுக்கலாம். 'கபாலி' அதைத் தொட்டுவிட்டுத் துப்பாக்கிப் பக்கம் ஓடிவிடுகிறது. ரஜினி படம் என்றால் ஓடித்தான் ஆகவேண்டும் என்பது புரிகிறது. இருந்தாலும் வருத்தம்தான். நம் நாட்டுத் திரையரங்குகளில் கபாலி போலீசில் சரணடைந்தான் என்று எழுத்துப் போட்டு முடித்தது ஞாபகம் இருக்கிறதா? அதை அத்தையிடம் சொன்னேன். "சரணடைஞ்சா நல்லதுதானே" என்றார்.

இடையில் ஒரு வாரம் விண்மீன் அலைவரிசையில் உள்ளூர் நாடகங்கள் பார்த்தோம். நடிப்பு முன்னைவிட எவ்வளவோ தேவலாம். ஆனால் என் கண்ணில் படும் நாடகங்களில் எல்லாருக்கும் பளபளக்கும் வரவேற்பறை இருக்கிறது. ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போன அம்மாவின் மகள் அந்தச் சோபாவில் உட்கார்ந்தால் என்ன நினைப்பாள் என்பதை யாராவது எழுதினால் பார்க்கக் காத்திருக்கிறேன்.

மூன்றாவது, 'செம்மண் சாலை'. 2005-இல் நம் நாட்டு இயக்குநர் தீபக் குமரன் மேனன் எடுத்தது. அறுபதுகளில் ஒரு ரப்பர் தோட்டம், ஒரு குடும்பம், பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் சாந்தா என்ற பெண். நட்சத்திரம் கிடையாது, பெரிய செலவு கிடையாது. சாட்டையோடு வரும் வில்லன் தேவைப்படாத கதை. காசு இல்லை என்பதே போதும்.

மெதுவான படம், அதை மறைக்க விரும்பவில்லை. விறுவிறுப்பு வேண்டுமென்பவர் இருபது நிமிடத்தில் கைத்தொலைபேசியை எடுத்துவிடுவார். நான் ஒரு முறை எடுத்தேன். அத்தை எடுக்கவில்லை. படம் பாதியில் "நிறுத்தும்மா" என்றார். பிடிக்கவில்லையோ என்று நினைத்து நிறுத்திவிட்டு மைலோ கலக்கப் போனேன். பின்னாலேயே அடுப்படிக்கு வந்து, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் முதலாவதாக வந்தாராம். வாத்தியார் வீடு தேடி வந்து, இவளை இடைநிலைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று அவர் அப்பாவிடம் சொன்னாராம். பள்ளி டவுனில், பஸ் காசு மாதம் இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்களாம். தம்பிகள் மூன்று பேர். அடுத்த வருஷம் அம்மாவுக்கு உதவியாக மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் எடுக்கவும் போய், பதினைந்து வயதில் தனி நிரை வாங்கிவிட்டார்.

"அந்தப் புள்ள போவுதா போவலயா, அத மட்டும் சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை. மறுநாள் பசியாறிவிட்டு மீதியைப் பார்த்தோம். சாந்தா என்ன ஆனாள் என்று உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

இந்தப் படத்தைப் பற்றி அத்தையிடம் திருத்தம் ஏதும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். மற்ற படங்களில் மரத்தைத் தொட்ட விதம், வாளி தூக்கிய விதம் என்று ஏதாவது ஒன்றுக்கு நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருந்தவர், இதில் சும்மா இருந்தார்.

கடைசியாக 'ஜகாட்'. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வந்தது. மலாயில் 'ஜஹாட்' என்றால் கெட்டது. அது நம்மவர் வாயில் ஜகாட் ஆனது. 1991-இல் நடக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் குடும்பம். பன்னிரண்டு வயது அப்போய், பிரம்பை மட்டுமே நம்பும் அப்பா மணியம், குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா, போதையில் கெட்டு மீளப் பார்க்கும் இன்னொரு சித்தப்பா. பையனுக்கு மூளையும் கற்பனையும் ஏராளம். வைத்துக்கொள்ளத்தான் இடம் இல்லை. பள்ளியிலும் அடி, வீட்டிலும் அடி. அவனைத் தட்டிக்கொடுப்பவர்கள் போகக்கூடாத பக்கம் போனவர்கள்.

நாலில் எது நல்ல படம் என்றால் இதுதான். நாம் பேசும் தமிழ், மலாயும் சீனமும் கலந்து, கூச்சமில்லாமல் வருகிறது. அப்பாவை இயக்குநர் கெட்டவனாகவும் காட்டவில்லை, மன்னித்தும் விடவில்லை. படித்தால்தான் பிழைப்பு என்று அவருக்குத் தெரியும். படிக்கவைப்பது எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. குபேன் மகாதேவன் அதை முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டே காட்டிவிடுகிறார்.

2016-இல் நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்று ஒதுக்கி வைத்தபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. மூத்த ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தம் விருதுகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். பிறகு விதி மாறி, 'ஜகாட்' சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. ஒரு தமிழ்ப் படம், அதுவும் நம் புறம்போக்குக் குடியிருப்பின் படம்.

தோட்டம் இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகள் கெட்டிருக்கமாட்டார்கள் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். திடல், கோயில், பள்ளி, எல்லாரும் எல்லார் வீட்டுப் பிள்ளையையும் கண்டிக்கும் லயம்... அத்தை விடவில்லை. "தோட்டத்துல மட்டும் என்ன வாழுதாம்? சம்சுவும் இருந்துச்சு, பொம்பளைய அடிக்கிறதும் இருந்துச்சு. ஆனா ராத்திரி கத்துனா பத்து வீடு முழிச்சிக்கும்." பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. அவர் தம்பி மகன் ஒருவன் அந்தத் தொண்ணூறுகளில் அப்படிப் போனவன். இப்போது இல்லை.

குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்பீர்கள். 'ஜகாட்'டில் கெட்ட வார்த்தையும் வெட்டுக்குத்தும் உண்டு. இடைநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்ப்பதில் தவறில்லை. பார்த்த பிறகு பேசுங்கள். 'பரதேசி' சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். 'செம்மண் சாலை' எல்லாருக்கும் ஆகும், முக்கியமாக வீட்டில் பாட்டி இருந்தால். ஆனால் அது கையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது தெரிந்தவர் ஒருவர் பத்திரமாக வைத்திருந்த பழைய தட்டு, நடுவில் இரண்டு இடத்தில் திக்கியது. இப்படிப்பட்ட படங்களை நம் அலைவரிசைகள் ஆண்டுக்கு ஒரு முறை, தொழிலாளர் தினத்திலாவது, போடக்கூடாதா? மே முதல் தேதிக்கு ஒரு கதாநாயகன் பத்து லோரியைத் தூக்கி எறியும் படம்தான் வரவேண்டுமா?

எடுக்கப்படாத படங்களும் இந்தப் பக்கத்தில் எவ்வளவோ கிடக்கின்றன. நான் குடியிருக்கும் அம்பாங் பெச்சாவின் பெயரே உடைந்த அணை என்பதுதான். 1883-இல் அணை உடைந்து கோலகுபு ஊர் அடித்துப்போய், வட்டார அதிகாரி செசில் ராங்கிங்கும் மாண்டார். அவர் வெள்ளை முதலையைச் சுட்டதால் வந்த வினை என்று இன்றும் கதை சொல்கிறார்கள். நாட்டில் வணிக அளவில் முதன்முதல் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் அத்தை ஊர்ப் பக்கம்தான், 1917-இல். நட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே பிற்பாடு மலாயாவை வைத்து நாவல் எழுதி 1930-இல் கொன்கூர் பரிசு வாங்கினார். குழி வெட்டியவர்கள் பக்கத்துக் கதையை யார் எழுதினார்கள்? மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்ததை ஒருவர் கேமராவோடு கூடவே இருந்து எடுத்திருந்தால், அது மேலே சொன்ன நாலுக்கும் பக்கத்தில் நிற்கும்.

அத்தை இப்போது மறுபடி மெகா தொடருக்குத் திரும்பிவிட்டார். நேற்று அதில் மருமகளைப் படிக்கவிடமாட்டேன் என்று ஒரு மாமியார் கத்திக்கொண்டிருந்தாள். அத்தை தொலை இயக்கியை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.