அம்மாவின் பேரில் எழுதச் சொன்ன 3 புள்ளி



லண்டனில் இருக்கும் என் மருமகன் ஒருவன் போன மாதம் போன் எடுத்தான். (பெயர் எழுதமாட்டேன். அவனைக் கேட்டுவிட்டுத்தான் இதைப் போடுகிறேன்.) வேகமாக ஓடிக் கமெராவில் பிடிபட்டிருக்கிறான். லைசன்ஸில் ஏற்கெனவே 9 புள்ளி. இன்னும் 3 ஏறினால் 12. அங்கே 3 வருடத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால், வழக்கமாகக் குறைந்தது 6 மாதம் வாகனம் ஓட்டத் தடை. அவனுடைய தொழிலே வாகனம் ஓடுவதுதான்.

"மாமா, அம்மான்ர லைசன்ஸ் சுத்தமாக் கிடக்கு. அவதான் ஓடினவ எண்டு எழுதிக் குடுத்தால் ஒண்டும் வராது. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. அவனைத்தான் பேசினேன்.

யார் ஓட்டியது என்று கேட்டு வரும் கடிதத்துக்கு 28 நாளுக்குள் பதில் எழுத வேண்டும். அதில் பொய் எழுதினால் அது வேகக் குற்றம் அல்ல, நீதியைத் திசைதிருப்பும் குற்றம். மறியலுக்குப் போகலாம். கிறிஸ் ஹியூனை லண்டன்காரர் மறந்திருக்கமாட்டீர்கள். 2003இல் அவருடைய 3 புள்ளியை மனைவி விக்கி பிரைஸ் தன் பேரில் ஏற்றார். பிறகு அவர் அமைச்சரும் ஆனார். 2013இல் இருவருக்கும் தலா 8 மாதச் சிறை. வேடிக்கை என்னவென்றால், புள்ளியை மாற்றியும் லைசன்ஸ் தப்பவில்லை. கொஞ்சக் காலத்திலேயே போனோடு ஓடிப் பிடிபட்டு அதுவும் போயிற்று.

வகுப்பில் ஒருவன் செய்த குழப்படிக்கு இன்னொருவன் எழும்பி "நான்தான் சேர்" என்பான். நட்பு என்று நானும் மெச்சியிருக்கிறேன். (யார் யார் என்று உங்களுக்கே தெரியும்!) ஆனால் குழப்படி செய்தவன் அடுத்த கிழமையும் அதையே செய்தான். 9 புள்ளி என்றால் இவனுக்கும் பலமுறை சொல்லியாயிற்று. எழுபது வயது அக்கா, மகன் கேட்டால் மறுக்கமாட்டா. எனக்கு அதுதான் பயம்.

புதிதாக லைசன்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு இன்னும் கடுமை. முதல் 2 வருடத்தில் 6 புள்ளி வந்தாலே லைசன்ஸ் ரத்து. போனைக் கையில் பிடித்து ஓடினால் ஒரே தடவையில் 6. பிறகு எழுத்துப் பரீட்சையில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

நேர்வழியும் உண்டு. தடையால் குடும்பம் படப்போகும் அசாதாரணக் கஷ்டத்தை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லலாம். நீதவான் ஏற்பார் என்ற உறுதி இல்லை. வேலை போகும் என்பது மட்டும் போதாமலும் போகலாம்.

மருமகன் உண்மையை எழுதி அனுப்பிவிட்டான். வழக்குக்குத் திகதி இன்னும் வரவில்லை. அக்கா மூன்று கிழமையாக என்னோடு கதைக்கவில்லை.