பொட்டு வைத்தோம், தூசு தட்டவில்லை

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுகிறோம். தையல் மெஷினில் பாபினைக் கழற்றி நூல்பிசிறு எடுக்கிறோம். அரிவாள்மனையைக்கூடத் தேய்த்துக் கழுவுகிறோம். லேப்டாப்புக்கு மட்டும் மேல்மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு சாமந்திப் பூவைச் சாத்தி, கற்பூரம் காட்டி முடித்துவிடுகிறோம். அதற்குள் ஒரு ஃபேன் ஓடுகிறது, அது காற்றை இழுக்கும் வாய் அடிப்பக்கத்தில் இருக்கிறது, அந்த வாய் அடைபடும் என்பதெல்லாம் மெஷின் பாதி வேலையில் பட்டென்று அணையும்வரை நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் மறுபடி ஆன் செய்துகொள்வதோடு சரி.

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்ததே லேப்டாப் வடிவில்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த மெஷின்கள் பிளஸ் டூ பிள்ளைகளின் கைக்கு வந்தன. வாங்கிய அன்று படம் பார்த்தோம், பாட்டு ஏற்றினோம், வால்பேப்பர் மாற்றினோம். இதை எப்படிப் பராமரிப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. 2020-ல் பள்ளிகள் மூடியபோது அதே மெஷின், அல்லது அவசரத்துக்கு வாங்கிய இன்னொன்று, காலையிலிருந்து மாலைவரை மெத்தைமேல் வகுப்பு நடத்தியது. மெத்தையில் வைத்தால் படுக்கைவிரிப்பு அந்த வாயைப் பொத்திக்கொள்ளும். ஒரு பலகையை அடியில் கொடுத்திருந்தால் போதும். பரீட்சை அட்டை எல்லா வீட்டிலும் இருந்தது.

மெஷின் சொல்லாமல் போகவில்லை. முதலில் ஃபேன் இரைந்தது. நாம் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டோம். பிறகு கீபோர்டின் மேல்பகுதி ஒரு மூலையில் கை வைக்க முடியாமல் சுட்டது. டைப் செய்யும் விரலை நகர்த்திக்கொண்டோம். பிறகு எல்லாம் மந்தமானது. 'பழசாயிடுச்சு' என்று தீர்ப்பு எழுதினோம். அந்த மந்தம் வயதால் வந்ததல்ல. பிராசஸர் தன் வெப்பத்தைத் தானே அளந்துகொண்டிருக்கிறது. பல லேப்டாப் பிராசஸர்களுக்கு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓர் எல்லை உண்டு. அதை நெருங்கினால் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறிக்கொண்டே போனால், சிப் கருகிவிடாமலிருக்க மொத்தமாக மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நாம் 'கிராஷ்' என்று திட்டிய பல அணைப்புகள் அது தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்ட தருணங்கள். உடனே பவர் பட்டனை அழுத்தி, ஆறவிடாமல் மறுபடி எழுப்பினோம்.

பின்மூடியைத் திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் குறைவு. சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் பார்க்கலாம். சர்வீஸ் செய்யும் தம்பி ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு காந்தத் தட்டில் போடுவார். பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை விளிம்பில் செருகி, கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவிப்பார். முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவார். ஃபேன் இறக்கையில் பெரிதாகத் தூசு தெரியாது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஃபேனைத் தூக்கினால்தான் விஷயம் வெளிப்படும். பிராசஸர் தலையிலிருந்து சூட்டைக் கொண்டுவரும் செப்புக் குழாய், ஓரத்தில் நெருக்கமான மெல்லிய தகடுகளில் போய் முடிகிறது. அந்தத் தகடுகளின் முகத்தில், ஃபேன் ஊதும் பக்கத்தில், பஞ்சைத் தட்டி ஒட்டியதுபோல் ஒரு சாம்பல் நிறப் பட்டை. தலைமுடி, போர்வை நூல், சுவர்ச் சுண்ணாம்பு, ஊதுபத்திப் புகை எல்லாம் சேர்ந்து இறுகியது. ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும்.

"இத வச்சுக்கிட்டு எப்படி சார் சூடு வெளிய போகும்?"

"போன வருஷம்தான் தம்பி ஃபார்மட் போட்டோம்."

இந்தப் பதில்தான் நம் நோயின் பெயர். எது வந்தாலும் ஃபார்மட். ஹேங் ஆகிறதா, ஓ.எஸ். மாற்று. சூடாகிறதா, ஓ.எஸ். மாற்று. மாற்றிய புதிதில் நன்றாகத்தான் ஓடும், ஏனென்றால் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த வேண்டாத புரோகிராம்கள் போய் பிராசஸரின் சுமை குறைந்திருக்கும். நாலைந்து வாரத்தில் அதெல்லாம் திரும்ப வந்து சேரும். தூசு இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கிடையில் அழிந்துபோனது என்னவோ தங்கையின் புராஜெக்ட் ரிப்போர்ட்டும், தாத்தா நடந்துகொண்டிருந்த நாளில் எடுத்த போட்டோக்களும். பேக்கப் எடுத்தீர்களா என்று கடைக்காரர் கேட்கும்போது எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோமே, அந்தப் பார்வை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். கடைக்காரரைக் குறை சொல்லவும் நமக்கு வாயில்லை. திறந்து சுத்தம் செய்து பேஸ்ட் மாற்ற நேரம் ஆகும் என்றார். சாயந்திரமே வேண்டும், ஃபார்மட் மட்டும் போடுங்கள் என்றது நாம்.

பேஸ்ட் என்பது சிப்புக்கும் அதன்மேல் உட்காரும் செப்புத் தட்டுக்கும் நடுவே தடவும் பசை. வருஷக்கணக்கில் வெந்து காய்ந்து பொருக்காகிவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அதைத் துடைத்து, அரிசி மணி அளவுக்குப் புதிதாக வைத்தால் தீர்ந்தது. டெல், லெனோவா, எச்.பி. போன்ற கம்பெனிகள் எந்த ஸ்க்ரூ எங்கே என்று படம் போட்டு விளக்கும் சர்வீஸ் மேனுவல்களை இலவசமாகவே வெளியிட்டிருக்கின்றன. நாம் இறக்கிப் படித்ததில்லை. படிக்காமல் வீரம் காட்டியவர்களும் உண்டு: ஃபேனைப் பிடித்துக்கொள்ளாமல் புளோயரால் ஊதி, கண்டமேனிக்குச் சுற்றவிட்டு பேரிங்கைக் கெடுத்தவர்கள், வேக்குவம் கிளீனரை உள்ளே விட்டவர்கள்.

எல்லாப் பழியையும் தூசுமேல் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. எப்போது அணைகிறது என்று கவனித்திருந்தாலே பாதி தெரிந்திருக்கும். கேம் ஆடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ மட்டும் சட்டென்று அணைந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். எச்.டபிள்யூ.இன்ஃபோ மாதிரி ஓர் இலவச மென்பொருளைத் திறந்து வைத்தால், அணைவதற்கு முன் டிகிரி எவ்வளவு ஏறியது என்று கண்ணாலேயே பார்க்கலாம். காலையில் ஜில்லென்று இருக்கும்போதே நீலத்திரை வந்தால் அது வேறு கதை: ரேம், டிஸ்க், டிரைவர் என்று தேட வேண்டும். அந்தத் திரை சும்மா வருவதில்லை, அடியில் ஒரு பிழைக்குறியீட்டையும் காட்டுகிறது (2025-லிருந்து விண்டோஸ் 11-ல் அது கறுப்பாகிவிட்டது, குறியீடு அப்படியே இருக்கிறது). சாப்பாட்டுத் தட்டை, பூனையை, புதுச் செருப்பை எல்லாம் படம் எடுக்கும் நாம் அந்தத் திரையை மட்டும் எடுத்ததில்லை. விண்டோஸிலேயே ரேமைச் சோதிக்கும் கருவி இருக்கிறது. டிஸ்கின் ஆரோக்கியத்தைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். ஈவென்ட் வியூவரைத் திறந்து 'கெர்னல்-பவர் 41' என்ற வரியைக் கண்டுபிடித்தவர்கள்கூட அதையே நோய் என்று நினைத்துப் பதறினார்கள். முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதற்குமேல் அந்த வரி எதுவும் சொல்வதில்லை. அது நமக்கே தெரியும்.

வெயிலையும் நாம் கணக்கில் எடுக்கவில்லை. ஆப்பிள் தன் மேக்புக்குகளைப் பயன்படுத்தச் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 10 முதல் 35 டிகிரிவரை. வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கேட்கவே வேண்டாம். ஏ.சி. இல்லாத வீட்டுக்காரர்களின் குற்றம் அல்ல இது. ஆனால் உச்சி வெயிலில் மூன்று மணி நேரப் படத்தை ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போனது நாம்தான். நாலு மூலைக்கும் பாட்டில் மூடி வைத்து மெஷினை உயர்த்தியவர்களை நான் கேலி செய்யமாட்டேன். அடியில் காற்று புக அது உண்மையிலேயே உதவும். உள்ளே அடைத்திருப்பதை அது எடுக்காது. ஷட் டவுன் செய்யாமல் மூடியை மட்டும் சாத்திப் பையில் போட்டு பஸ் ஏறுகிறோமே, அது இன்னொரு அலட்சியம். இப்போதைய லேப்டாப்கள் பலவும் ஸ்லீப்பில் முழுசாகத் தூங்குவதில்லை. பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு வெந்துகிடக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் பணமும் நேரமும் போகிற சங்கதி. பேட்டரி விஷயத்தில் நம் அலட்சியம் ஆபத்தானது. லித்தியம்-அயன் பேட்டரிக்குச் சூடும் ஆகாது, எந்நேரமும் 100 சதவீதச் சார்ஜில் கிடப்பதும் ஆகாது. அதனால்தான் பல கம்பெனிகள் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளும் வசதியை வைத்திருக்கின்றன. அந்த செட்டிங் எங்கே இருக்கிறது என்று நாம் தேடவில்லை. சோனி செய்த பேட்டரிகள் தீப்பிடிக்கக்கூடும் என்று 2006-ல் டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அது தயாரிப்புக் குறை. நம் வீட்டில் நடப்பது அப்படியல்ல. பழைய பேட்டரிக்குள் வாயு சேர்ந்து உப்பி, டச்பேடைக் கீழிருந்து தள்ளுகிறது. கிளிக் சரியாக விழவில்லை என்று உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி வேலை பார்க்கிறோம். மூடி சரியாகச் சாத்தவில்லை என்றால் ரப்பர் பேண்ட் போடுகிறோம். உப்பிய பேட்டரியை அழுத்தினாலும் குத்தினாலும் தீப்பற்றலாம்.

அப்படி ஒரு லேப்டாப்பாவது இந்நேரம் நம் பரணில், பழைய நோட்டுப் புத்தகங்களுக்கும் கொலுப் பெட்டிக்கும் நடுவே கிடக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், பழைய பொருள்களை மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. நாம் இன்னும் பழைய பேப்பர்க்காரருக்காகக் காத்திருக்கிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கி, மேஜைமேல் சமமாக வைத்துப் பார்க்கலாம். நாலு காலும் பதியாமல் ஆடினாலோ, டச்பேட் மேடேறி இருந்தாலோ, 'ஒருவேளை ஓடுமோ' என்று சார்ஜரைச் செருக வேண்டாம். அப்படியே எடுத்துப்போய், பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடலாம்.