ஒரு கமா... ஒரு புள்ளி... கேமரா விலை அம்பேல்!

இன்டர்னல் டெஸ்ட், ரெக்கார்ட் நோட்டு டென்ஷனுக்கு நடுவுல ஒரு குட்டிக் கேள்வி. 1,250-ன்னு எழுதினா எவ்வளவு?

'ஆயிரத்து இருநூத்தி அம்பது. இதெல்லாம் ஒரு கேள்வியா?'ன்னு முறைக்கிறீங்கதானே? இதையே ஒரு ஜெர்மன்காரர்கிட்ட காட்டுங்க. 'ஒண்ணேகால்'னு சொல்வார். ரெண்டு பேர் சொல்றதும் கரெக்ட்தான்!

நமக்கு ஆயிரத்தைப் பிரிக்க கமா, பைசாவைப் பிரிக்க புள்ளி. ஜெர்மனியில அப்படியே உல்டா. ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூத்தொம்பது யூரோவை 1.299,00 என்று எழுதுவாங்க. பிரான்ஸ்ல ஆயிரத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் இடைவெளி விட்டுட்டு, தசமத்துக்குக் கமா. சுவிட்சர்லாந்துல ஆயிரத்தைப் பிரிக்க மேல ஒரு சின்னக் கொம்பு. நம்ம லட்சமோ தனி ஸ்டைல்: 1,25,000.

'இருந்துட்டுப் போகட்டும், நமக்கென்ன?'ன்னுதான் நானும் நினைச்சேன், போன லீவு வரைக்கும்!

ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில இன்டர்ன்ஷிப். ஜெர்மனியில இருக்கிற ஓர் ஆன்லைன் கடையோட பொருள் பட்டியலை, விலை ஒப்பிட்டுக் காட்டுற இணையதளங்களுக்கு அனுப்பணும். அந்தப் பட்டியலுக்குப் பேர் 'ஃபீட்'. பொருளோட பேர், படம், விலை எல்லாம் வரிசையா இருக்கும். தினமும் ராத்திரி தானாவே கிளம்பிப் போயிடும்.

ஜாவாஸ்கிரிப்ட்ல ஸ்கிரிப்ட் எழுதினேன். விலையை எண்ணா மாத்த 'பார்ஸ்ஃப்ளோட்'. டெஸ்ட் பண்ண நான் எடுத்தது பத்துப் பொருள், எல்லாமே 49,00... 15,00 மாதிரி சின்ன விலை. 49, 15-ன்னு சமர்த்தா வந்துச்சு. 'ஆஹா, நாமளும் இன்ஜினீயர்தான்'னு காலரைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள் காலையில போன் வந்துச்சு. 1.299,00 யூரோ கேமரா, வெறும் 1.30 யூரோவா நிக்குது! பார்ஸ்ஃப்ளோட் இடமிருந்து படிச்சிக்கிட்டே வரும். முதல் புள்ளியைத் தசமம்னு எடுத்துக்கும். அப்புறம் கமாவைப் பார்த்ததும் 'இது எண்ணே இல்லை'ன்னு அங்கேயே நின்னுடும். மிச்சம் 1.299. ரவுண்ட் பண்ணினா 1.30. அதே கணக்குல 49,90 யூரோ பை 49 யூரோ ஆகி, 90 சென்ட் சத்தமே இல்லாம காணாமப் போயிருந்தது. இத்தனைக்கும் ஓர் எர்ரர் மெசேஜ்கூட வரலை. அதுதான் கொடுமையே! பைத்தான்ல ஃப்ளோட்கிட்ட இதைக் கொடுத்திருந்தா, 'முடியாது போ'ன்னு அங்கேயே கத்தியிருக்கும்.

'கடைக்குள்ள வந்தா சரியான விலைதானே தெரியும், என்ன நஷ்டம்?'னு கேக்கலாம். ஒவ்வொரு கிளிக்குக்கும் கடைக்காரர் காசு கட்டணும் பாஸ்! 1.30-க்கு கேமரான்னா சும்மா விடுவாங்களா? கிளிக் மேல கிளிக். உள்ளே போய் நிஜ விலையைப் பார்த்ததும், 'ஏமாத்துக்காரங்க'ன்னு திட்டிட்டுப் போயிட்டாங்க. காசும் போச்சு, பேரும் போச்சு. அது பெரிய நிறுவனம்கூட இல்லை. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரா நடத்துற கடை.

எங்க டீம் லீடர் அண்ணா மன்னிப்பு மெயில்ல என் பேரையே போடலை. 'தவறு எங்களுடையது'ன்னு மட்டும் எழுதினார். திட்டியிருந்தாகூடப் பரவாயில்லைன்னு தோணுச்சு. சாயங்காலம் நானே அவர்கிட்ட கேட்டு, என்ன நடந்தது, எங்கே சொதப்பினேன்னு அவங்களுக்குத் தனியா ஒரு மெயில் எழுதினேன். அதுக்கப்புறம்தான் தூக்கம் வந்துச்சு.

அதுக்கு முன்னாடி கோடைத் திருத்தினேன். புள்ளியைத் தூக்கு, கமாவைப் புள்ளியாக்கு. முடிஞ்சதுன்னு நினைச்சா, அண்ணா கேட்டார், "நாளைக்கு நம்ம ஊர் பட்டுப் புடவைக் கடை வந்தா என்ன தம்பி பண்ணுவே?" ஓட்டிப் பார்த்தேன். 1,25,000 ரூபாய் புடவை ஒண்ணேகால் ரூபாய்! 'கடைசியா வர்ற குறிதான் தசமம்'னு இன்னொரு ஐடியா சொன்னேன். அவர் பேப்பர்ல எழுதிக் காட்டினதுதான் முதல்ல உங்களைக் கேட்ட அந்த 1,250. எண்ணை எவ்வளவு முறைச்சுப் பார்த்தாலும் அது எந்த ஊர்க்காரர்னு தெரியாது. அனுப்புறவங்கதான் சொல்லணும்.

உலகமும் இதுல ஒரு முடிவுக்கு வரலை. எடை, அளவுகளுக்கான சர்வதேச மாநாடு 2003-ல என்ன சொல்லிச்சு தெரியுமா? தசமத்துக்குப் புள்ளியும் ஓகே, கமாவும் ஓகே. ஆனா ஆயிரத்தைப் பிரிக்க ரெண்டுமே வேணாம், இடைவெளி விட்டாப் போதும்! பி.ஹெச்.பி.யிலயும் ஒரு கூத்து உண்டு. 2020-ல 8.0 வர்ற வரைக்கும், ப்ரோக்ராம்ல ஜெர்மன் லொக்கேல் செட் பண்ணியிருந்தா 3.5-ஐ 3,5-ன்னு பிரின்ட் பண்ணும். உங்க லேப்டாப்ல ஓடினது சர்வர்ல படுத்துக்கும்.

ப்ராஜெக்ட்ல விலை வர்ற மாதிரி எதைச் செஞ்சாலும் இதை மனசுல வெச்சுக்கோங்க. ஃபீடுக்குள்ள போற விலையில ஆயிரம் பிரிக்கிற குறியே வேணாம். தசமத்துக்குப் புள்ளி, பக்கத்துல மூணெழுத்து நாணயக் குறியீடு, அவ்வளவுதான். அலங்காரமெல்லாம் திரையில காட்டும்போது பண்ணிக்கலாம். பைசா, சென்ட்னு முழு எண்ணா சேமிச்சா இன்னும் நல்லது. ஆனா ஜப்பான் யென்னுக்குத் தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூணு இடம் உண்டு. உஷார்! நேத்து ஆயிரம் யூரோவா இருந்தது இன்னைக்கு ஒரு யூரோ ஆச்சுன்னா அனுப்பாம நிறுத்தி, ஒரு மனுஷனைக் கூப்பிடச் சொல்லுங்க.

முக்கியமா, டெஸ்ட் பண்ணும்போது உங்களுக்கு வசதியான விலையை மட்டும் எடுக்காதீங்க. 49,00 எப்பவும் பாஸாகிடும் ஃப்ரெண்ட்ஸ். 1.299,00-ஐயும் 1,25,000-ஐயும் கொடுத்துப் பாருங்க!